பணத்தை அச்சடித்தால் இளையவர்கள் கூடுதலாக உழைப்பார்களா?

கேள்வி:

ஐயா, நான் எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேரினப் பொருளியல் தாளில் ‘ஓவர்லாப்பிங் ஜெனரேஷன்ஸ்’ மாடல், அதாவது ஓ.எல்.ஜி. மாடல் நடத்தினார்கள். இளமையில் உழைப்பு, முதுமையில் நுகர்வு, இரண்டுக்கும் நடுவே பணம். அமைப்பு புரிகிறது. அரசு பணத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் உழைப்பு என்ன ஆகும் என்ற இடத்தில்தான் குழப்பம். வகுப்புக் குறிப்பில் ‘உழைப்பு குறையும்’ என்று இருக்கிறது. நூலகத்தில் எடுத்த பாடநூல் ‘ஒன்றும் மாறாது’ என்கிறது. லூகாஸ் பற்றிய பாடத்திலோ ‘உழைப்பும் உற்பத்தியும் கூடும்’ என்று வருகிறது. மூன்றும் எப்படிச் சரியாகும்?

இன்னொன்று, என் அப்பா கேட்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். “உழைக்காத கிழவன் நீட்டுகிற காகிதத்துக்கு இளவட்டம் எதற்குச் சோறு போடுகிறான்? உங்கள் மாடலில் அதற்குப் பதில் இருக்கிறதா?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்:

மூன்று விடைகளும் சரி. புதிதாக அச்சடித்த பணம் யார் கைக்கு, எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது, அது முன்கூட்டியே தெரியுமா என்பதை மூன்று இடத்திலும் மூன்று விதமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வரியில் வந்துபோகும் அனுமானம் அது. மாணவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு சமன்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். விடையைத் தீர்மானிப்பது அந்த வரிதான். முதலில் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் உங்களுடையதில் பாதி தீர்ந்துவிடும்.

காகிதத்துக்கு ஏன் சோறு?

1958-இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’யில் பால் சாமுவேல்சன் எழுதிய கட்டுரை ஏறக்குறைய உங்கள் அப்பாவின் கேள்வியைத்தான் கேட்டது. இதையொத்த அமைப்பைப் பிரான்சின் மாரிஸ் அலே 1947-இலேயே எழுதியிருந்தார். அது பிரெஞ்சில் இருந்ததால் ஆங்கிலம் படிப்பவர்கள் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. சாமுவேல்சன் வாழ்க்கையை மூன்று பருவமாகப் பிரித்தார்; முதல் இரண்டில் உழைப்பு, மூன்றாவதில் ஓய்வு. நாம் பாடநூல்கள் செய்வதுபோல இரண்டாகவே வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொருவரும் இளமையில் உழைக்கிறார்கள், முதுமையில் சாப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரம் உழைத்தால் ஒரு படிச் சோறு. சோற்றை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. எந்தக் காலத்திலும் ஒரு இளைய தலைமுறையும் ஒரு முதிய தலைமுறையும் சேர்ந்து வாழ்கின்றன. அடுத்த காலத்தில் முதியவர்கள் போய்விடுகிறார்கள், இளையவர்கள் முதியவர்கள் ஆகிறார்கள், புதியவர்கள் பிறக்கிறார்கள்.

இங்கே கடன் கொடுத்து வாங்க வழியே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் மொய் எழுதுகிறோம். இன்று நான் உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதியதை நாளை நீங்கள் என் வீட்டில் திருப்பி எழுதுகிறீர்கள். நோட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன, இரண்டு வீடும் மறுபடி சந்திக்கின்றன. ஓ.எல்.ஜி. உலகில் அந்தச் சந்திப்பு நடக்காது. இன்றைய முதியவருக்கு இளையவர் சோறு போட்டால், அதைத் திருப்பித் தர நாளைக்கு அந்த முதியவர் இருக்கமாட்டார். நாளைக்குச் சோறு போடவேண்டியவரோ இன்னும் பிறக்கவில்லை. அவரிடம் இன்றைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கமுடியாது. ஆகவே ஆளுக்கு ஆள் பேரம் பேசும் சந்தையில் யாரும் யாருக்கும் எதுவும் தருவதில்லை. இளையவருக்கு உழைக்கக் காரணமில்லை, முதியவர் பட்டினி. எல்லோருக்கும் நன்மை தரும் ஓர் ஏற்பாடு கண்முன்னே இருக்கிறது. சந்தையால் அங்கே போய்ச் சேரமுடியவில்லை.

இப்போது முதியவர்களின் கையில் சில காகிதங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். தின்ன முடியாது, உடுத்த முடியாது, எண்ணிக்கையும் கூடாது. இளையவர் உழைத்து 8 படி ஆக்கி, அதைக் காகிதத்துக்கு விற்கிறார். தான் முதியவரானதும் அதே காகிதத்தை அடுத்த தலைமுறையிடம் நீட்டி 8 படி வாங்குகிறார். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை, சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பணத்தை ஒரு சமூக ஏற்பாடு என்று சாமுவேல்சன் தலைப்பிலேயே குறிப்பிட்டது இதனால்தான். பிறக்காதவர்களோடு போட்டுக்கொள்ளமுடியாத ஒப்பந்தத்தின் வேலையை அந்தக் காகிதம் செய்துவிடுகிறது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இளவட்டம் சோறு போடுவது கிழவருக்காக அல்ல, தன் கிழப்பருவத்துக்காக.

கூடவே இரண்டு நிபந்தனைகளையும் சொல்லவேண்டும். ஒன்று, இந்தச் சங்கிலிக்கு முடிவு தெரியக்கூடாது. கடைசித் தலைமுறை எது என்று எல்லோருக்கும் தெரிந்தால், அவர்கள் காகிதத்தை வாங்கமாட்டார்கள். வாங்கமாட்டார்கள் என்று தெரிவதால் அவர்களுக்கு முந்தியவர்களும் வாங்கமாட்டார்கள். அப்படியே பின்னோக்கி வந்து இன்றைக்கே பணம் செத்துவிடும். முடிவின்மைதான் இந்த மாடலின் உயிர் என்பதை 1971-இல் கார்ல் ஷெல் ஒரு கட்டுரையில் தெளிவாக்கினார். இரண்டு, நம்பிக்கை. அடுத்த தலைமுறை வாங்காது என்று எல்லோரும் நினைத்துவிட்டால், அந்த நினைப்பே தன்னை மெய்யாக்கிக்கொள்ளும். பணத்துக்கு மதிப்பிருக்கும் சமநிலை ஒன்று, மதிப்பே இல்லாத சமநிலை ஒன்று. இரண்டும் அதே மாடலில், அதே மனிதர்களிடம்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு என்று தோன்றினால் ஈராக்கைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் செய்த அச்சுத்தகடுகளால் அச்சானவை என்பதால் ‘சுவிஸ் தினார்’ என்று பெயர்பெற்ற பழைய நோட்டுகளை 1993-இல் பாக்தாத் அரசு செல்லாததாக்கியது. வடக்கே குர்து மக்களின் பகுதியில் அந்த நோட்டுகளின் புழக்கம் நிற்கவில்லை. பின்னால் எந்த அரசும் இல்லை, எந்த மைய வங்கியும் இல்லை. பத்தாண்டுக் காலம் கைமாறிக்கொண்டே இருந்தன. புதிதாக அச்சடிக்கவும் ஆளில்லாததால், பாக்தாத் இஷ்டத்துக்கு அச்சடித்த தினாரைவிட அவற்றின் மதிப்பு நன்றாகவே நின்றது. சதாம் ஆட்சி விழுந்த பிறகு 2003 அக்டோபரில் தொடங்கிய நோட்டு மாற்றத்தில் ஒரு சுவிஸ் தினாருக்கு 150 புதிய தினார் கொடுத்தார்கள். எதிர் உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. வங்கியில் கட்ட அவகாசம் இருந்தும், மறுநாள் காலையில் கடைக்காரர்கள் அவற்றைத் தொடத் தயங்கினார்கள். காகிதம் அதேதான், அடுத்தவர் வாங்குவார் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது.

உழைப்பு எப்படி முடிவாகிறது?

சாமுவேல்சனின் கட்டுரையில் உழைப்புத் தேர்வு கிடையாது. ஒவ்வொருவருக்கும் உழைக்கும் பருவத்தில் இவ்வளவு சரக்கு என்று கொடுத்துவிடுகிறார். எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதை இளையவரே முடிவு செய்யும்போதுதான் உங்கள் மூன்று விடைகள் பிறக்கின்றன.

அவர் இரண்டைத் தட்டில் வைத்துப் பார்க்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு அலுப்பு? அந்த மணி நேரத்தின் சம்பாத்தியம் முதுமையில் எத்தனை படி ஆகும், அந்தப் படிக்கு அப்போது எவ்வளவு ருசி இருக்கும்? கணக்குக்காக இரண்டு அனுமானம் வைக்கிறேன். உழைக்க உழைக்க, அடுத்த மணி நேரத்தின் அலுப்பு அதே விகிதத்தில் ஏறும்: எட்டாவது மணி நேரம் நான்காவதைப்போல இரண்டு மடங்கு வலிக்கும். சாப்பிடச் சாப்பிட, அடுத்த படியின் ருசி அதே விகிதத்தில் குறையும்: எட்டுப் படி உண்பவருக்கு அடுத்த படி, நாலு படி உண்பவருக்குக் கிடைப்பதில் பாதி ருசிதான். இரண்டாவதை உங்கள் நூலில் ‘லாக்’ பயன்பாட்டுச் சார்பு என்று போட்டிருப்பார்கள். பணத்தின் அளவு மாறாமலிருக்கும்போது இளையவர் 8 மணி நேரம் உழைத்து, முதுமையில் 8 படி உண்கிறார் என்று அளவுகோலைப் பொருத்திக்கொள்வோம்.

இனி அரசு ஒவ்வொரு தலைமுறையிலும் பணத்தை 4 மடங்கு ஆக்குகிறது. விலையும் தலைமுறைக்கு 4 மடங்கு ஏறுகிறது. நாலு மடங்கு என்றதும் பயப்படவேண்டாம். ஒரு தலைமுறை 30 ஆண்டு என்று கொண்டால், இது ஆண்டுக்கு 4.7% பணவீக்கம்தான். ரிசர்வ் வங்கியின் இலக்கான 4% நடந்தாலே 30 ஆண்டில் விலை 3.2 மடங்கு ஆகிவிடும்.

முதல் வழி: புதிய பணத்தை முதியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகக் கொடுப்பது. அவரவர் எவ்வளவு சேர்த்துவைத்தார் என்று பார்ப்பதில்லை. இப்போது இளையவர் ஒரு மணி நேரம் உழைத்துச் சேர்க்கும் பணம் முதுமையில் கால் படிதான் வாங்கும். உதவித்தொகையோ, உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் வரும். கணக்குப் போட்டால் உழைப்பு 4 மணி நேரத்தில் வந்து நிற்கிறது. சரிபார்ப்போம். 4 மணி நேரச் சம்பாத்தியத்துக்கு முதுமையில் 1 படி. உதவித்தொகைக்கு 3 படி. ஆக 4 படி. முன்னைவிட உணவு பாதி என்பதால் அடுத்த படியின் ருசி இரண்டு மடங்கு. ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் கால் படிதான் கிடைக்கிறது. இரண்டையும் பெருக்கினால் உழைப்பின் பலன் பாதியாகிறது. அலுப்பும் 4 மணியில் பாதிதான். தட்டு சமம். எல்லோரும் 8 மணி நேரம் உழைத்து 8 படி உண்டிருந்தால் எல்லோருக்கும் நல்லது. தனியொருவர் மட்டும் கூடுதலாக உழைத்தால் அவர் கூடுதல் பலனில் முக்கால்வாசியை விலையேற்றம் கரைத்துவிடுகிறது. உங்கள் வகுப்புக் குறிப்பு சொல்லும் ‘உழைப்பு குறையும்’ இதுதான்.

இரண்டாம் வழி: கையிருப்புக்கு ஏற்பக் கொடுப்பது. நூறு வைத்திருந்தவர் கையில் அது நானூறாகும், ஆயிரம் வைத்திருந்தவர் கையில் நாலாயிரமாகும். விலை 4 மடங்கு, பணமும் 4 மடங்கு. ஒரு மணி நேர உழைப்பு முதுமையிலும் ஒரு படியே தருகிறது. 8 மணி நேர உழைப்பு, 8 படி உணவு. விலைச்சீட்டில் பூஜ்யங்கள் கூடுவதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. இதுதான் உங்கள் பாடநூலின் விடை.

மூன்றாம் வழி: அரசே அச்சடித்து அரசே செலவழிப்பது. வரலாற்றில் பெரும்பாலும் நடந்தது இதுதான். உழைப்பு 8 மணி நேரத்திலேயே நிற்கிறது. ஆனால் முதியவருக்கு 2 படி. மிச்சம் 6 படியை அரசு அள்ளிக்கொள்கிறது. யாரும் வரி என்று பெயர் வைக்காத வரி. உழைப்பு ஏன் குறையவில்லை? இங்கேதான் பதிலீட்டு விளைவும் வருமான விளைவும் எதிரெதிராக நின்று மோதுகின்றன. உழைப்பின் பலன் கால்வாசி ஆனதால் ‘இதற்கு எதற்கு உழைக்க’ என்று பதிலீட்டு விளைவு கையைப் பின்னுக்கு இழுக்கிறது. முதுமையில் பசி வரும் என்பதால் ‘இன்னும் உழை’ என்று வருமான விளைவு முன்னுக்குத் தள்ளுகிறது. லாக் சார்பில் இரண்டும் சரிக்குச் சரி. அன்றாடச் சோற்றுக்கே தட்டுப்பாடான குடும்பங்களில் பசியின் குரல் ஓங்கும். அங்கே பணவீக்கம் உழைப்பைக் கூட்டவும் கூடும். அந்தக் கூடுதல் உழைப்பை வளர்ச்சி என்று படித்துவிடாதீர்கள். பறிபோனதை ஈடுகட்டும் ஓட்டம் அது.

முதல் வழியிலும் மூன்றாம் வழியிலும் விலையேற்றம் ஒன்றுதான், ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் பலனும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றில் உழைப்பு பாதியாகிறது, மற்றதில் அசையவே இல்லை. முதல் வழியில் எடுத்ததை உதவித்தொகையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவதால் வருமான விளைவு அடங்கிவிடுகிறது. பதிலீட்டு விளைவு மட்டும் தனியாக நிற்கிறது. ‘பணவீக்கம் உழைப்பைக் குறைக்குமா’ என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இளையவரும் சாப்பிட்டால்?

நம் கணக்கில் இளையவர் பட்டினியாக உழைத்தார். அவரையும் சாப்பிட வைத்தால் மூன்று முடிவுகள் ஒன்றாக வரும்: எவ்வளவு உழைப்பது, இப்போது எவ்வளவு உண்பது, எவ்வளவு பணமாக வைப்பது. லாக் சார்பில், இன்றைய உணவும் நாளைய உணவும் அவருக்குச் சம முக்கியம் என்றால், உழைத்ததில் பாதியை உண்டு பாதியைப் பணமாக்குவார். மூன்றாம் வழியில் பணவீக்கம் எவ்வளவு ஏறினாலும் இந்தப் பாதிக் கணக்கு மாறாது. அடி முழுவதும் முதுமையின் தட்டில்தான் விழும். முதல் வழியில் நிலைமை வேறு. ‘வயதானால் உதவித்தொகை வருமே’ என்று இளையவர் இப்போதே கொஞ்சம் தாராளமாக உண்பார், குறைவாக உழைப்பார், பணமும் குறைவாக வைப்பார். வருங்காலத்தில் அரசு என்ன கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு இன்றைய சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறது.

லூகாஸ் எங்கே வருகிறார்?

1972-இல் ராபர்ட் லூகாஸ் எழுதிய கட்டுரையின் அடித்தளமும் ஓ.எல்.ஜி. மாடல்தான். பணத்தை அவர் இரண்டாம் வழியில், கையிருப்புக்கு ஏற்பவே கொடுக்கிறார். அது தற்செயலான தேர்வு கிடையாது. எல்லோருக்கும் முன்கூட்டித் தெரிந்த பணப்பெருக்கம் எதையும் மாற்றக்கூடாது என்ற நிலையை முதலில் உறுதி செய்துகொள்கிறார். பிறகு ஏதாவது மாறினால், அதற்குக் காரணம் தெரியாமை ஒன்றுதான் என்று ஆகிவிடும்.

அந்தத் தெரியாமையை உண்டாக்க உலகத்தை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சந்தைகளாகப் பிரிக்கிறார். முதியவர்களின் பணம் இரண்டிலும் சமமாக வந்து இறங்குகிறது. இளையவர்கள் மட்டும் ஒன்றில் கூட, மற்றதில் குறைய என்று விழுகிறார்கள். தன் சந்தையில் விலை ஏறியிருப்பதைப் பார்க்கும் இளையவருக்கு இரண்டு சந்தேகம். இங்கே உழைப்பவர்கள் குறைவா? அப்படியானால் இன்று உழைத்து வைப்பது லாபம். அல்லது நாடு முழுக்கப் பணம் பெருகிவிட்டதா? அப்படியானால் உழைப்பின் பலன் பழையபடியேதான். எது என்று பிரித்தறிய அவரிடம் வழியில்லை. ஆகவே விலையேற்றத்தில் ஒரு பங்கை முதல் காரணத்தின் கணக்கில் எழுதி, கொஞ்சம் கூடுதலாக உழைக்கிறார். உண்மையில் நடந்தது பணப்பெருக்கம் என்றால் எல்லாச் சந்தையிலும் எல்லோரும் ஏமாந்து கூடுதலாக உழைக்கிறார்கள், உற்பத்தி கூடுகிறது.

இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. நான் வைத்த லாக் சார்போடு லூகாஸின் கணக்கைப் போட்டால் உழைப்பு அசையாது. பதிலீட்டு விளைவு ஓங்கியிருக்கும்படி அவர் விருப்பத்தின் வடிவத்தை வைத்துக்கொண்டார். அடுத்தது, பணம் கூடும்போது உற்பத்தி கூடியதைப் புள்ளிவிவரத்தில் பார்த்துவிட்டு, ‘ஆகா, ஆண்டுதோறும் இப்படிச் செய்யலாமே’ என்று அரசு இறங்கினால், அந்த உறவே மறைந்துவிடும். வழக்கமான பெருக்கத்தை மக்கள் விலையேற்றமாகவே படிக்கப் பழகிவிடுவார்கள். எதிர்பார்ப்புகளைப் பற்றிய இந்தச் சிந்தனைக்குத்தான் 1995-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

இந்த மாடலை எவ்வளவு நம்பலாம்?

எதிர்ப்பும் உண்டு. ஜேம்ஸ் டோபின் நேராகவே கேட்டார்: நம் பையில் இருக்கும் நோட்டு சில வாரங்களில் கைமாறுகிறது, அதை யாராவது இளமையிலிருந்து முதுமைவரை பெட்டியில் பூட்டிவைக்கிறார்களா? நியாயமான கேள்வி. ஓ.எல்.ஜி. மாடலில் பணம் மதிப்பைச் சேமிக்கும் பொருள் மட்டுமே. கொடுக்கல் வாங்கலை எளிதாக்கும் அதன் அன்றாட வேலை அதில் இல்லை. வட்டி தரும் பத்திரமும் மூலதனமும் சந்தையில் இருக்கும்போது, வட்டியில்லாத காகிதத்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் அடிப்படை மாடலில் விளக்கம் இல்லை.

அதனால் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது பீட்டர் டயமண்டின் 1965-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் போகிறார்கள். அதில் இளையவரின் சேமிப்பு மூலதனமாகிறது. முதுமைக்கென்று அளவுக்குமீறிச் சேமித்து, மூலதனத்தின் வருமானம் பொருளாதார வளர்ச்சி வீதத்துக்கும் கீழே இறங்கிவிடலாம் என்று காட்டினார். அப்போது அரசுக் கடனோ ஓய்வூதியமோ எல்லாத் தலைமுறைக்கும் நன்மை தரமுடியும். 1985-இல் ஜான் டிரோல் இதே வழியில், உள்ளார்ந்த வருமானம் எதுவும் தராத சொத்துக்கும் விலை நிற்கமுடியும் என்று காட்டினார். அடுத்தவர் வாங்குவார் என்பதற்காகவே வாங்கப்படும் எந்தச் சொத்தும், அந்த அளவுக்கு, சாமுவேல்சனின் காகிதம்தான்.

ஆகவே இந்த மாடலை நோட்டைப் பற்றியது என்று படிப்பதைவிட, உழைக்கும் தலைமுறையிடமிருந்து ஓய்ந்த தலைமுறைக்குச் சோறு போகும் எல்லா வழிகளையும் பற்றியது என்று படியுங்கள். அப்படிப் படித்தால் நம் ஊர் நடப்புகளும் அதே மூன்று வழிகளில் அடங்குகின்றன. விலைவாசிக்கு ஈடான வட்டி தரும் டெபாசிட் இரண்டாம் வழிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் அப்பாவின் ஓய்வூதியத்தோடு ஆண்டுக்கு இருமுறை ஏறும் அகவிலைப்படியும் அப்படித்தான். விலையேற்றம் அவரைத் தொடாமல் இருக்க அது காவல். அந்தக் காவல் இல்லாதவர்கள் மூன்றாம் வழியில் மாட்டுகிறார்கள். இலங்கையில் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 69.8% ஏறியிருந்தது. ரூபாயின் வீழ்ச்சி, எரிபொருள் தட்டுப்பாடு என்று பல காரணங்களோடு, அரசின் செலவுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டதும் ஒரு காரணம். ஓராண்டுக்கு முன் 100 ரூபாய் வைத்திருந்தவர் கையில் அப்போது 59 ரூபாய்ச் சாமான்தான் மிஞ்சியது.

ஓய்வூதியமும் பிறப்பு வீதமும்

பழைய முறை அரசு ஓய்வூதியம் காகிதமே இல்லாத ஓ.எல்.ஜி. ஏற்பாடு: இன்றைய வரியிலிருந்து நேற்றைய ஊழியருக்கு. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவந்த பங்களிப்பு ஓய்வூதியம், அவரவர் பெயரில் சேமிக்கும் வழி. எது லாபம் என்பதற்கு 1966-இல் ஹென்றி ஆரன் ஒரு சுருக்கமான விதி சொன்னார். உழைப்பவர் தொகையின் வளர்ச்சியும் ஊதிய வளர்ச்சியும் சேர்ந்து வட்டி வீதத்தை மிஞ்சினால், தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றும் முறை லாபம். மிஞ்சாவிட்டால் சேமிக்கும் முறை லாபம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் தலைமுறையோ முன்னோருக்கும் கொடுத்து, தனக்கும் சேமித்து, இரண்டு சுமை சுமக்கும்.

நம் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். பணத்தின் அளவு மாறாமல் மக்கள்தொகை மட்டும் தலைமுறைக்கு இரண்டு மடங்கானால், ஒரு முதியவரின் காகிதத்துக்கு இரண்டு இளையவர்கள் சோறு ஆக்குவார்கள். அவருக்கு 16 படி. இதைத்தான் சாமுவேல்சன் உயிரியல் வட்டி வீதம் என்றார். மக்கள்தொகை சுருங்கினால் அந்த வட்டி எதிர்மறையாகும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1.8. தலைமுறை குறையாமலிருக்கத் தேவை சுமார் 2.1. வெளியிலிருந்து வந்து சேர்பவர்களை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை இந்தத் தலைமுறையில் சுமார் 86%. ஆளுக்கு 8 மணி நேர உழைப்பு மாறாதிருந்தால் முதியவருக்கு 8 படிக்குப் பதில் 6.9 படி. ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் இரண்டு மடங்கானால் அதுவே 13.7 படி. ஆகவே அப்பாவுக்குக் கடைசியாக ஒரு வரி: அவர் கையிலிருக்கும் காகிதத்தின் மதிப்பு, வரப்போகும் இளையவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஒரு மணி நேரத்தில் என்ன விளைவிப்பார்கள், நடுவில் யார் எவ்வளவு அச்சடிப்பார்கள் என்ற மூன்றையும் பொறுத்தது.

உங்களுக்குத் தேர்வுக்கு: இந்த மாடலில் எந்தக் கணக்கு வந்தாலும் சமன்பாட்டைத் தொடுமுன் விடைத்தாளின் ஓரத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். புதிய பணம் யார் கைக்குப் போகிறது: சமமாகவா, கையிருப்புக்கு ஏற்பவா, அரசுக்கா? அது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியுமா? பதிலீட்டு விளைவு, வருமான விளைவு இரண்டில் எது ஓங்கும்படி பயன்பாட்டுச் சார்பு அமைந்திருக்கிறது? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் உழைப்பு ஏறுமா இறங்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன்பிறகு போடும் கணக்கு எவ்வளவு என்பதற்கு மட்டும்.